பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய்: எது மறுசுழற்சி, எது அப்புறப்படுத்தல்?

பிளாஸ்டிக் கழிவைக் காற்றுப் புகாத கலனில் சூடேற்றி எண்ணெய் எடுக்கும் ஆலை தொடங்க நினைப்பவர், இயந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன் எண்ணெயை யாருக்கு விற்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கையாண்ட கழிவின் அளவுக்கு ஆலைக்குக் கிடைக்கும் சான்றிதழின் வகை அதைப் பொறுத்தது.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024 மார்ச்சில் வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. எண்ணெய் எரிபொருளாகப் போனால் அது 'இறுதி அப்புறப்படுத்தல்'. சிமென்ட் உலையில் எரிப்பதும் சாலை போடுவதும் இதே கணக்குதான். அதே எண்ணெய் மூலப்பொருளாகி மீண்டும் பிளாஸ்டிக் ஆனால் அதை வேதி மறுசுழற்சியாகக் கருதலாம்.

இந்த வேறுபாட்டுக்குப் பண மதிப்பு உண்டு. உறையில் பொருள் விற்கும் நிறுவனங்களும் இறக்குமதியாளர்களும் தாங்கள் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்கு ஈடுகாட்ட வேண்டும் என்பது 2022 பிப்ரவரி முதல் நடைமுறை. அதற்கான சான்றிதழ்களை ஆலைகளிடமிருந்து வாங்குகிறார்கள். பால் பை, மசாலா பாக்கெட் போன்ற நெகிழும் உறைகள் இரண்டாம் வகை. அலுமினியத் தாள் போன்ற வேறு பொருள் ஒட்டிய பல்லடுக்கு உறைகள் மூன்றாம் வகை. இவை இரண்டுக்கும் குறைந்தபட்ச மறுசுழற்சி 2024-25இல் 30%, அடுத்த ஆண்டு 40%, பிறகு 50%, 2027-28 முதல் 60%. 2025-26இல் 1,000 டன் கடமை உள்ள நிறுவனம் 400 டன்னையாவது மறுசுழற்சியாகக் காட்டியாக வேண்டும். எரிபொருள் எண்ணெய்க்கான சான்றிதழ் மீதி 600 டன்னுக்குள்தான் எடுபடும். அந்த இடமும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

ஆலையின் பதிவுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிப்பது மாநில வாரியம். நீர், காற்றுச் சட்டங்களின் கீழான இயக்க இசைவு இல்லாமல் விண்ணப்பம் நகராது. நிறுவிய திறனுக்கு மேல் சான்றிதழ் கிடையாது. உள்ளே வந்த கழிவு, வெளியே போன எண்ணெய், கரி ஆகியவற்றின் எடைக்கணக்கும் விற்பனைப் பட்டியல்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஆண்டறிக்கை ஏப்ரல் 30க்குள். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் இந்தத் திட்டத்திலிருந்து ஓராண்டு விலக்கி வைப்பார்கள்.

ஆலை தடுமாறுவது பெரும்பாலும் காகிதத்தில் அல்ல, பிரித்தெடுப்பதில். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் மூன்றும் 350 முதல் 500 டிகிரி செல்சியஸில் நன்றாக உடையும். பிவிசி கலந்தால் சிக்கல்: அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். ஏறத்தாழ 300 டிகிரியிலேயே ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பிக் குழாய்களை அரிக்கும், எண்ணெயிலும் குளோரின் தங்கிவிடும். எண்ணெயை எரிக்கும் கொதிகலன்காரர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோகெமிக்கல் ஆலையில் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருளை உண்டாக்கும் நாப்தா கிராக்கர் உலை பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் ஏற்காது. அதாவது, மறுசுழற்சிச் சான்றிதழுக்கான கதவை ஒரு கூடை பிவிசி அடைத்துவிடும். தண்ணீர் பாட்டில்களையும் போடாதீர்கள். அவை செய்யப்பட்ட பெட் என்ற பிளாஸ்டிக் உடையும்போது வரும் அமிலங்கள் குளிர்விப்பானில் உறைந்து அடைக்கும். அந்தப் பாட்டில்களை, நொறுக்கி உருக்கி மீண்டும் பயன்படுத்தும் இயந்திர மறுசுழற்சிக்காரர்கள் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். மறுசுழற்சி செய்ய முடியாததைத்தான் இறுதி அப்புறப்படுத்தலுக்கு அனுப்பலாம் என்பதே விதியும்கூட.

ஈரக் கழிவு எரிபொருளைத் தின்னும். குளிர்விப்பானை அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் பாலிஎத்திலீன் மெழுகு குழாயில் கட்டும். கலனைத் திறப்பதற்கு முன் நன்றாக ஆறவிட்டு நைட்ரஜன் செலுத்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். சூடான வாயுவோடு காற்று சேர்ந்தால் வெடிக்கும். மிஞ்சும் கரியைப் பரிசோதிக்காமல் குப்பைக்கிடங்கில் கொட்டக் கூடாது, அதில் கன உலோகங்கள் இருக்கலாம்.

டயரிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளுக்கு இந்தப் பதிவு, சான்றிதழ் விதிகள் பொருந்தாது. அவை 2022 ஜூலையில் வந்த, அபாயக் கழிவு விதிகளின் கீழான தனித் திட்டத்தில் சேரும். அதற்குப் பதிவும் வேறு, சான்றிதழும் வேறு.