வென்ற பிறகு உடையும் கூட்டணிகள்

இயக்கங்களின் கூட்டமைப்புகளில் ஒருங்கிணைப்பு வேலை பார்ப்பவன் நான். கொள்கைச் சண்டையில் உடைந்தவற்றைவிட, துண்டறிக்கையில் யார் பெயர் முதலில், நன்கொடைக் கணக்கு யார் கையில் என்று மனம் கசந்து உடைந்த கூட்டணிகளையே அதிகம் பார்த்திருக்கிறேன். கொள்கையைப் பற்றி விடிய விடியப் பேசுகிறவர்கள் பணப்பேச்சு வந்தால் கூச்சப்படுகிறார்கள்.

பயிற்சி வகுப்புகளில் கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். 1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஓர் இனத்தவர் போராடினால் மற்றவரை இறக்கி அறுவடையை முடித்துக்கொள்வது முதலாளிகளின் பழைய உத்தி. அதனால் இட்லியாங், சீசர் சாவேஸின் மெக்சிகத் தொழிலாளர் சங்கத்தை அணுகினார். சாவேஸ் அப்போது பெரிய போராட்டத்துக்குத் தயாராக இல்லை. ஆனாலும் கருங்காலிகளாக நிற்க மறுத்த அவருடைய சங்கத்தார், செப்டம்பர் 16 அன்று கூடிப் போராட்டத்தில் சேர முடிவெடுத்தார்கள். பிலிப்பினோ மன்றத்திலேயே இரு தரப்பும் கூடினார்கள், ஒரே சமையலில் சாப்பிட்டார்கள். 1966இல் சங்கங்கள் இணைந்தன. 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் முற்றியது. சங்கமே ஆட்களை வேலைக்கு அனுப்பும் புதிய முறையில், காலங்காலமாக ஒரே குழுவாகச் சென்று வேலை செய்த பிலிப்பினோக்கள் சிதறிப்போனார்கள். முதிய தொழிலாளர்களின் குறை கேட்கப்படவில்லை என்ற வருத்தத்தோடு 1971இல் இட்லியாங் விலகினார். போராட்டத்தைத் தொடங்கியவரே வெளியேறினார்!

எனவே முதல் கூட்டத்திலேயே ஒவ்வொரு அமைப்பிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். கோரிக்கையில் எதை விட்டுக்கொடுத்தால் நீங்கள் வெளியேறுவீர்கள்? வென்றால் உங்கள் உறுப்பினர்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்? பதில்களை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். பொதுக் கோரிக்கைக்கு வெளியே அவரவர் சொந்தப் பெயரில் எதையும் பேசலாம்.

முடிவெடுக்கும் வேகமும் முக்கியம். முழுநேர ஊழியர்கள் உள்ள அமைப்பு ஒரே இரவில் பதில் தரும். தன்னார்வலர்களின் சிறு குழுவோ உறுப்பினர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். அவகாசம் தராமல் அறிக்கை வெளியிட்டுவிட்டு, "நீங்கள் பதில் சொல்லவில்லையே" என்பது பெரிய அமைப்புகளுக்கே உரிய அலட்சியம்.

சுழற்சிமுறைத் தலைமையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தலைவர் மாதந்தோறும் மாறுவார். கூட்டக் குறிப்பேடும் பத்திரிகையாளர்களின் தொலைபேசி எண்களும் ஒரே அலுவலகத்தின் மேசையில் கிடக்கும். தலைவர் நாற்காலியைக் கைமாற்றுவதற்கு முன்பே அவற்றைத்தான் கைமாற்ற வேண்டும்.