இழையப் பொருத்தம்

மாமி முற்றத்தில் நின்றபடியே அழத் தொடங்கிவிட்டார். கொழும்பிலிருந்து மகள் தொலைபேசியில், "அம்மா, கிறொஸ் மச் நெகற்றிவாம்" என்று சொன்னதோடு லைன் அறுந்துவிட்டது. தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க அக்கா முன்வந்து, மாதக்கணக்காகச் சோதனைக்கு மேல் சோதனை. "பொருந்தேல்லையாம், நெகற்றிவ் எண்டு சொல்லிப்போட்டினம்" என்று போனை என்னிடம் நீட்டினார் மாமி. உண்மையில் அது நல்ல செய்தி. அதை அவருக்கு விளங்கப்படுத்தக் கால்மணி நேரம் பிடித்தது. அந்தக் கால்மணி நேரமும் அவருடைய கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இந்தச் சொற்களைப் பற்றி எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

மருத்துவர்கள் 'ஹிஸ்ரோகொம்பற்றிபிலிற்றி' என்பதைத் தமிழில் இழையப் பொருத்தம் எனலாம். தமிழ்நாட்டில் திசுப் பொருத்தம் என்பார்கள். திசு, 'டிஷ்யூ' என்ற ஒலியை அப்படியே எடுத்துக்கொண்ட சொல். அந்த டிஷ்யூ பிரெஞ்சில் நெய்ததைக் குறித்தது. 'ஹிஸ்ரோ' வந்த கிரேக்கச் சொல்லுக்கும் தறி, தறியில் நெய்தது என்றே பொருள். இழையம் என்று எங்கள் பாடநூல்கள் சொல்வதில் நூலிழை இருக்கிறது, நெசவு இருக்கிறது. ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்த சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியரின் ஊர்க்காரருக்கு இப்படிப்பட்ட சொற்களில் ஒரு பற்று இருப்பது இயல்புதானே.

அடுத்தது பொருத்தம். எங்கள் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் சாதகக் கட்டுத்தான் நினைவுக்கு வரும். சாத்திரியாரிடம் "பத்தில் எத்தனை?" என்று கேட்போம். சிறுநீரகத்திலும் எண்ணித்தான் பார்க்கிறார்கள், ஆனால் வழக்கமான கணக்கு ஆறு. உடற்கலங்களின் (செல்களின்) மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான பரம்பரையலகுகள் (ஜீன்கள்) ஆறாவது நிறமூர்த்தத்தில் (குறொமோசோமில்) உள்ளன. ஏ, பி, டிஆர் என மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் தாய் தந்த ஒன்றும் தகப்பன் தந்த ஒன்றும். இவை பெரும்பாலும் கூட்டாகவே கைமாறுவதால், கூடப்பிறந்த இருவருக்கு ஆறும் ஒத்துவர 25 வீத வாய்ப்பு, பாதி ஒத்துவர 50 வீதம், ஒன்றுமே பொதுவாக வந்துசேராமல் போக 25 வீதம். "ஒரு வயித்துப் பிள்ளையள்தானே, பொருந்தாதோ?" என்ற மாமியின் கேள்விக்கு இதுதான் பதில். 1954இல் பொஸ்ரனில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று ஒருகரு இரட்டையர்களுக்கிடையே நடந்தது. அடையாளம் ஒன்றேயானதால் உடல் எதிர்க்கவில்லை. இந்த அடையாளங்களில் முதலாவதை 1958இல் விவரித்த ஜோன் டோசே, 1980இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று உடலின் எதிர்ப்பை அடக்க நல்ல மருந்துகள் இருப்பதால் ஆறில் சில பொருந்தாவிட்டாலும் மாற்று செய்கிறார்கள். ஆறும் பொருந்தினாலும் ஒருகரு இரட்டையர் அல்லாதவருக்கு மருந்து வேண்டும்.

'பொரு' என்ற வேரைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஒத்தல் என்றும் பொருள், போரிடுதல் என்றும் பொருள். 'பொருவில்லாத' என்றால் ஒப்பில்லாத. குறளில் வரும் 'பொருதகர்' போரிடும் ஆட்டுக்கடா. ஒரே வேரில் இணக்கமும் மோதலும்! பெறுபவரின் உடலில் நடப்பதும் இந்த இரண்டில் ஒன்றுதான். 'கொம்பற்றிபிள்' என்பதன் இலத்தீன் வேரோ கூட இருந்து துன்பத்தைத் தாங்குதலைச் சொல்கிறது. மாமியின் மகளை நினைத்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த மோதலுக்கு வழங்கும் 'நோயெதிர்ப்பு' என்ற சொல் எனக்கு உவப்பாக இல்லை. அக்கா தந்த சிறுநீரகம் நோயல்லவே. உடல் எதிர்ப்பது பிறபொருளை. அதனால், பிறபொருளைத் தாக்க உடல் உண்டாக்கும் 'அன்ரிபொடி'க்குப் பிறபொருளெதிரி என்ற எங்கள் பாடநூற் சொல் இங்கே அழகாகப் பொருந்துகிறது.

இனி மாமியை அழவைத்த கிறொஸ் மச். கொடுப்பவரின் வெண்குழியங்களோடு (வெள்ளணுக்களோடு) பெறுபவரின் சீரத்தை, அதாவது குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியை, கலந்து பார்க்கும் சோதனை அது. முன்பு இரத்தம் ஏற்றியவர், பிள்ளை பெற்றவர், ஏற்கெனவே மாற்று செய்தவர் ஆகியோரின் குருதியில் பிறருடைய அடையாளங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உருவாகியிருக்கலாம். அவை கொடுப்பவரின் கலங்களைத் தாக்கினால் முடிவு பொசிற்றிவ். அப்படியே மாற்று செய்தால், புதிய சிறுநீரகம் சில நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ கெட்டுவிடக்கூடும். தாக்காவிட்டால் நெகற்றிவ், அதுதான் வேண்டியது. இதைக் குறுக்குப் பொருத்தம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'பொருத்தம் இல்லை' என்று காதில் விழுந்து, வீட்டுக்காரர் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள். எதிர்ப்புச் சோதனை என்பதே என் தெரிவு.

அன்று பின்னேரம் வேலியடியில் மாமி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "எதிர்ப்பு ஒண்டும் இல்லையாம் பிள்ளை. தமக்கையின்ரயை அவன்ர உடம்பு அடிச்சுக் கலைக்காதாம்."