இரவுப் பணி முடிந்தும் அடங்காத உடல்

பாளையங்கோட்டையில் பணிபுரியும் செவிலியர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். நைட் டூட்டி முடித்துச் செய்துங்கநல்லூருக்குப் பஸ் ஏறும்போது நிற்கக்கூட முடியாத அசதி. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலோ தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. கண்ணேறு என்று சொல்லி மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டாராம். அந்த அக்கறையை மதிக்கிறேன்; ஆனால் காரணம் கண்ணேறு அல்ல, கார்டிசால் என்ற ஹார்மோனும் மூளைக்குள் இருக்கும் கடிகாரமும்.

நெருக்கடியில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிப்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அதைத் தொடர்ந்து சில நிமிடங்களில் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. அது ரத்தச் சர்க்கரையை ஏற்றி, உடலை விழிப்பிலேயே நிறுத்தி வைக்கிறது.

இந்தச் சுரப்பு எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. மூளையில் கார்டிசாலைப் பற்றிக்கொண்டு அதன் செய்தியை உயிரணுவுக்குச் சேர்க்கும் ஏற்பிகள் இரண்டு வகை உள்ளன. முதல் வகைக்கு அதைப் பற்றிக்கொள்ளும் திறன் மற்றதைவிட ஏறக்குறைய 10 மடங்கு அதிகம் என்பதால், கார்டிசால் குறைந்திருக்கும் வேளையிலும் அதில் பெரும்பகுதி நிறைந்தே இருக்கும். இரண்டாம் வகை, விடியற்கால உச்சத்திலோ நெருக்கடியிலோ அளவு உயர்ந்தால்தான் நிறையும். நம் குளங்களில் மடை வழியே எப்போதும் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, குளம் பெருகினால் மட்டுமே மறுகால் பாய்வதைப் போன்றது இது. இரண்டாம் வகை நிறைந்ததும் ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் தம் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கின்றன. சுரந்த பொருளே, போதிய அளவு சேர்ந்ததும், தன் சுரப்பை நிறுத்துகிறது. ஒரே மூலக்கூறு குறைந்த அளவில் ஒரு செய்தியையும் மிகுந்த அளவில் வேறொரு செய்தியையும் சொல்கிறது.

இந்த ஏற்பாடு, நெருக்கடி வந்து போய்விடும் என்ற கணக்கில் அமைந்தது. வார்டில் அது போவதில்லை. நள்ளிரவை ஒட்டிக் கார்டிசாலை மிகக் குறைவாக வைத்திருப்பது, மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்களால் ஆன உடற்கடிகாரத்தின் வேலை. அந்த நேரத்தில் ஒரு கட்டிலில் மானிட்டர் அலறுகிறது. மறு கோடியிலிருந்து, "சிஸ்டர், ட்ரிப்ஸ் தீந்துட்டு, சீக்கிரம் வாங்க" என்று நோயாளியின் மகன் கூப்பிடுகிறார். ஒவ்வொரு அழைப்புக்கும் மீண்டும் ஒரு தூண்டுதல். மாதக்கணக்கில் இப்படியே தொடர்ந்தால் இரண்டாம் வகை ஏற்பிகளின் உணர்திறன் மங்கி, சுரப்பு எளிதில் நிற்காமல் போகக்கூடும். எல்லோருக்கும் ஒரே விளைவு அல்ல. நெடுநாள் சோர்வில் சிலருக்குக் கார்டிசால் குறைந்தே காணப்படுவதும் உண்டு.

பணி முடிந்து கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் முகத்துக்கு நேரே வெயில். விழித்திரையில் விழும் அந்த ஒளி, பகல் தொடங்கிவிட்டது என்று உடற்கடிகாரத்துக்கு உறுதி சொல்கிறது. கடிகாரத்தின் கணக்குப்படி கார்டிசால் உச்சத்தை ஒட்டியிருக்கும் அதே வேளையில்தான் அவர் படுக்கப் போகிறார்.

பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி அணிவதும், தடித்த திரையிட்ட இருட்டறையில் படுப்பதும் உதவும். காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால், பின்னிரவுத் தேநீரைத் தவிர்க்கலாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளிவிட்டால் மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு வழியே இதயத் துடிப்பு தணியும். படபடப்பு விடாமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆயினும் முழுப் பொறுப்பையும் செவிலியரின் தலையில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. வேலைச் சுமை மிகுந்து, அதன்மேல் தனக்கு அதிகாரம் குறைந்த இடத்தில்தான் மன அழுத்தம் கடுமையாகிறது என்று வேலைச் சூழலை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த நிகழ்வாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வகைப்படுத்தியது. ஆள் பற்றாக்குறையை அப்படியே வைத்துக்கொண்டு யோகா வகுப்பு மட்டும் நடத்துவது மருந்தாகாது. கார்டிசாலை உமிழ்நீரிலேயே அளக்கலாம், ஊசிகூட வேண்டாம். டூட்டிப் பட்டியலை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் செவிலியரிடம் அதை அளந்து பார்க்கும் ஆய்வு நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு எட்டாததல்ல. அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும், முடிவுகளை வைத்துப் பணியிடங்களையும் கூட்ட வேண்டும்.