பொதிகைப் பூ பொதிகையிலேயே இருக்கட்டும்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். மொட்டைமாடியில் ஒரு மண்தொட்டி, அதில் ஒரு மஞ்சள் பூ. அடுத்த படத்தில் பூ இல்லை, இலைகள் பழுத்திருந்தன. “மலையேறப் போன நண்பர் கொடுத்தார். என்ன உரம் போடலாம் சார்?” என்று கேட்டிருந்தார். பூவிதழ்களின் நடுவே ஓடிய சாக்லேட் நிறக் கோட்டைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அது பாபியோபெடிலம் ட்ரூரியை. லேடி ஸ்லிப்பர் எனப்படும் செருப்பு ஆர்க்கிட் வகையில் தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே இனம். கேரள எல்லையை ஒட்டிய, பொதிகை என்று நாம் சொல்லும் அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. 1865இல் ட்ரூரி என்ற ஆங்கில அதிகாரி கண்டெடுத்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடி கிடைத்தது. சேதி பரவியதும் சேகரிப்பவர்கள் தோண்டித் தோண்டி எடுத்துப் போனார்கள். கோடையில் புல்வெளியில் பரவும் தீயும் சேர்ந்துகொண்டது. இன்று மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

போனால் போகட்டும், விதை போட்டு வளர்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைப்பதுதான் என் வேலை. ஒரு காயைப் பிளந்தால் தூசு மாதிரி ஆயிரக்கணக்கில் விதைகள் கொட்டும். ஆனால் நெல்லிலோ பயறிலோ இருப்பதுபோல் முளைக்குத் தேவையான சோறு அந்த விதைக்குள் இல்லை. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். ஆய்வகத்தில் அந்த வேலையைச் சர்க்கரை கலந்த வளர்ப்புக்கூழ் செய்கிறது. அப்படியும் பூக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். காட்டில் காய் பிடிப்பதே அரிது. பூவில் தேன் கிடையாது. ஏமாந்து வரும் பூச்சி வழுக்கிப் பூவின் செருப்பு போன்ற பைக்குள் விழ வேண்டும், பின்பக்கச் சந்து வழியே மகரந்தத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு வெளியேற வேண்டும், அப்புறம் இன்னொரு பூவிலும் அதேபோல் விழ வேண்டும். பக்கத்தில் இன்னொரு செடியே இல்லாவிட்டால்? ஒரு செடியைப் பிடுங்குபவர் மிச்சமிருக்கும் செடிகளின் காயையும் சேர்த்தே பறிக்கிறார்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் காட்டிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். படம் அனுப்பியவரிடம் இதைச் சொன்னேன். பாவம், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாளே வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் வேர் அழுகிப்போயிருந்தது. செடி பிழைக்கவில்லை.

மலைக்குப் போகிறீர்களா, படம் எடுங்கள், ஆனால் போனில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். எந்தச் சரிவு, எந்தப் பாறை என்று முகநூலில் எழுதாதீர்கள். வளர்க்க ஆசை இருந்தால், ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்த கலப்பினச் செருப்பு ஆர்க்கிட்டுகள் பண்ணைகளில் கிடைக்கின்றன. வாங்கும் முன் வேரைப் பாருங்கள். அறுந்த வேர், கிழிந்த இலை, ஒட்டியிருக்கும் காட்டுமண், இவற்றைப் பார்த்தால் கையில் வாங்காமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.