ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் (சைலன்சர் குழாய்ப் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) பற்றிய கோடு, அதாவது கோளாறு எண், வருகிறது, உடனே புது சென்சார். பெட்ரோல் கார்களில் வீண்செலவு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கோடு சொல்வது புகாரை மட்டும்தான்.

பி0171 வந்தால், கலவையில் காற்று அதிகம் என்று சென்சார் சரியாகவே சொல்லியிருக்கலாம். வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கும், ஃப்யூவல் பம்ப் பிரஷர் குறைந்திருக்கும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயிலோ கேஸ்கட்டிலோ ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் இதே கோடு வரும். பி0135 என்றால் முன் சென்சாரின் (புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது; பின்னால் இருப்பது பின் சென்சார்) ஹீட்டர் சர்க்யூட். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் வரும் இரண்டு ஒயர்களில் (பெரும்பாலும் வெள்ளை) மல்டிமீட்டரை வையுங்கள். ஆறிய நிலையில் சில ஓம் காட்ட வேண்டும்; ஓப்பன் (இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது.

நான்கு ஒயர் சென்சாரை ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பார்ப்பதே நம்பகமான சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடானதும் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால், முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே விறுவிறுவென ஏறி இறங்க வேண்டும். 0.45 பக்கமே அசையாமல் நின்றால் சென்சாரோ ஒயரிங்கோ செத்திருக்கிறது. சோம்பலாக அசைந்தால் வயதாகிவிட்டது. பி0133 வருவது அதனால்தான். பின் சென்சாருக்குக் கணக்கே வேறு: 0.6, 0.7 என்று ஓரளவு நிலையாக நிற்பதுதான் நல்லது. அதுவும் முன் சென்சார் போலவே ஆடினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். (ஐந்து ஒயர் வைட்பேண்ட் சென்சாருக்கு இந்த வோல்ட் கணக்கு ஒத்துவராது.)

கழற்றிய சென்சாரின் முனையைத் துடைக்காமல் பாருங்கள். கறுப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் பொடி என்றால் எஞ்சினுக்குள் கூலன்ட் கசிவு, அல்லது யாரோ சாதாரண சிலிக்கான் சீலன்ட் தடவியிருக்கிறார்கள். இதைச் சரிசெய்யாமல் போட்டால் புது சென்சாரும் அதே கதிதான்.

மாற்றும்போது எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி, குழாய் வெதுவெதுப்பாக இருக்கையில் கழற்றுங்கள். முதலில் கனெக்டர், இல்லாவிட்டால் ஒயர் முறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் வெட்டு உள்ள 22 மி.மீ. சாக்கெட் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். புது சென்சாரின் மரையில் பெரும்பாலும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் (மரை இறுகிப்போகாமல் இருக்க) தடவியே வரும். இல்லையென்றால் மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கையால் மரை பிடிக்க வைத்த பிறகே டார்க் ரெஞ்ச். 18 மி.மீ. மரைக்கு வழக்கமாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. கீழே விழுந்த சென்சாரைப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விட்டிருக்கும்.

விலை குறைவு என்று யுனிவர்சல் சென்சார் வாங்கி ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பது வழக்கமாகிவிட்டது. பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கனெக்டரில் கிரீஸோ ஸ்பிரேயோ அடிப்பதும் அப்படித்தான். சென்சாரை மாற்றியதும் ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதே ஹீட்டர் கோடு மறுபடி வந்தால் சென்சாரை விட்டுவிட்டு, சூடான குழாயில் உரசி உருகிய ஒயரைத் தேடுங்கள்.