அந்தச் செடி பூத்துப் பார்த்திருக்கிறீர்களா?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதாவது ஒரு மூலிகையைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் சித்த மருத்துவர், அதனால் அதில் எனக்குக் கோபம் கிடையாது. என்ன மூலிகை, எங்கே கிடைத்தது, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். கடைசியாக இன்னொரு கேள்வி கேட்பேன். "அந்தச் செடி பூத்துப் பார்த்திருக்கிறீர்களா?" பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கேள்வியை எனக்குப் பழக்கப்படுத்தியவர் ஒரு அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு. மூன்று மாதமாகத் தினமும் அசோகப் பட்டைக் கஷாயம் குடிப்பதாகச் சொன்னார். பெரும்பாடு என்று நாங்கள் சொல்லும் இந்த நோய்க்கு அசோகப் பட்டை கொடுப்பது மரபில் உள்ளதுதான். "பட்டை எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டேன். "வாங்கலை டாக்டரம்மா, எங்க தெருவுலயே வரிசையா அசோக மரம் நிக்குது. அதுலதான் சீவி எடுத்தேன்" என்றார்.

அவர் சொன்ன மரம் எதுவென்று உடனே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், அடுக்குமாடி வாசல் என்று எங்கும் ஊசிக்கோபுரம் மாதிரி நெட்டுக்குத்தாக வளர்ந்து, அலை அலையான ஓரமுள்ள நீள இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்குமே, அந்த மரம். அதன் பெயர் நெட்டிலிங்கம். ஊரெல்லாம் அதை அசோக மரம் என்றே சொல்கிறது. நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். மருந்தாகும் அசோகு புளி, கொன்றை எல்லாம் இருக்கிற பயறுக் குடும்பம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அந்த மரம் பூத்துப் பார்த்திருக்கீங்களா அக்கா?" என்றேன். "அது எங்க டாக்டரம்மா பூக்குது?" என்றார். பூக்கத்தான் செய்கிறது. பங்குனி, சித்திரை வாக்கில் இலைக்கு நடுவே வெளிறிய பச்சை நிறத்தில் நட்சத்திரம் போலப் பூத்துவிட்டு, இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். இலையோடு இலையாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. அசோகு அப்படியா? கிளையிலும் அடிமரத்திலும்கூடக் கொத்துக் கொத்தாக, ஆரஞ்சில் தொடங்கிச் சிவப்பாக மாறும் மணமுள்ள பூ. அதை ஒருமுறை பார்த்தவர்கள் நெட்டிலிங்கத்தை அசோகு என்று சொல்லவே மாட்டார்கள்.

அன்றைக்கு அந்த அக்காவின் ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி. மகளிர் மருத்துவரிடம் அனுப்பி, ரத்தம் ஏற்றி, அதன்பின் சிகிச்சை. பட்டை அவருக்கு விஷமாகவில்லை. ஆனால் மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையில் மூன்று மாதம் போய்விட்டது. தவறான செடியால் வரும் கெடுதலில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். வாந்தி, பேதி என்றால் அன்றைக்கே ஓடி வந்துவிடுவார்கள். ஒன்றுமே செய்யாத செடிதான் ஆளை ஏமாற்றிக் காலம் கடத்துகிறது.

சரி, பூவைப் பார்த்தால் மட்டும் எப்படித் தெரியும்? இலை இடத்துக்குத் தகுந்தபடி மாறும். நிழலில் வளர்ந்தால் அகலமாகும், வெயிலில் சுருங்கும், தொட்டியில் ஒரு மாதிரி, வயல் வரப்பில் இன்னொரு மாதிரி. பூவின் அமைப்பு அப்படி மாறாது. இதழ் எத்தனை, மகரந்தம் தாங்கும் கேசரம் எத்தனை, விதை உருவாகும் சூல்பை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்த இனத்தின் கைரேகை மாதிரி. 18-ஆம் நூற்றாண்டில் சுவீடனின் லின்னேயஸ் செடிகளை வகை பிரித்தபோது கேசரங்களை எண்ணித்தான் பிரித்தார். அவருடைய வகைப்பாடு பின்னால் எவ்வளவோ மாறிவிட்டாலும், பூவைப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. பாளையங்கோட்டையில் படிக்கும்போது எங்களைக் குற்றால மலைக்கு மூலிகை பார்க்கக் கூட்டிப் போவார்கள். வெறும் இலைக் கிளையைப் பறித்துக்கொண்டு போய் நீட்டினால் எங்கள் பேராசிரியை வாங்கவே மாட்டார். "பூவோ காயோ இருக்கிற கிளையைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம்" என்பார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அதையே நான் நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுத் தொட்டியில் நடக்கும் குழப்பங்களில் வல்லாரைக்குத்தான் முதலிடம். ஞாபகசக்திக்கு நல்லது என்று பிள்ளைகளுக்குத் துவையல் அரைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு அம்மா தன் தொட்டியைப் படம் எடுத்துக் காட்டினார். வட்ட வட்டமாகப் பளபளவென்று காசு அடுக்கியது போல இலைகள். பார்க்க அத்தனை அழகு, ஆனால் வல்லாரை இல்லை. நர்சரியில் அழகுக்காக விற்கும் நீர்ச்செடி அது. வல்லாரையின் இலையில் காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும், சிறுநீரகம் மாதிரி. அந்த அழகுச்செடியில் காம்பு இலையின் நடுவயிற்றில் வந்து சேரும், குடைக்குக் கம்பி போல. பூவும் வேறு. அழகுச்செடி காம்பை நீட்டி வெள்ளைப் பூவை மேலே தூக்கிக் காட்டும். வல்லாரையின் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து இலையை விலக்க வேண்டும். இளஞ்சிவப்பாக, குண்டூசித் தலை அளவில் மூன்று நான்கு பூக்கள் தரையோடு ஒட்டி இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசல் வல்லாரையே ஆனாலும் சாக்கடை ஓரத்திலும் தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்காலிலும் பறிக்காதீர்கள். ஈயம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் செடி அது.

பூவைப் பார்த்தும் ஏமாறுகிறவர்கள் உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று ஒரு ஆசிரியை நர்சரியில் வாங்கி வந்தார். மஞ்சள் பூ பூத்தது, அவரும் நம்பிவிட்டார். தினமும் காலையில் இலையை மென்று சாப்பிட்டார். வயிற்று வலியோடு என்னிடம் வந்தபோது கையில் கிளையையும் கொண்டு வந்திருந்தார், நல்ல பழக்கம். தடித்துப் பளபளப்பான இலை, இரண்டு பக்கமும் காது வைத்தது போல மடல். நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் பூங்காக்களிலும் தரையை மூடப் போடுகிறார்களே, அதே செடி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்ற பட்டியலில் அதுவும் ஒன்று. மஞ்சள் கரிசாலை என்றும் நாங்கள் சொல்லும் நம்முடைய அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு அதே பேரினம்தான், பூவும் கிட்டத்தட்ட அதே நிறம். ஆனால் அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் கிடையாது. ஆகவே பூவைப் பார்ப்பது என்று நான் சொல்வது நிறத்தைப் பார்ப்பதை அல்ல. பூ, இலை, காம்பு, காய் எல்லாவற்றையும் சேர்த்து, தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். வெள்ளைக் கரிசலாங்கண்ணி இந்த விஷயத்தில் நமக்குக் கஷ்டம் வைப்பதில்லை. பொடிப்பொடியாக வெள்ளைப் பூ, கசக்கினால் சற்று நேரத்தில் கை கறுத்துவிடும்.

கீழாநெல்லிக்கு அடையாளத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். கீழ்க்காய்நெல்லி. பூவும் காயும் இலைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் இலைக்குக் கீழே காய்க்கும் தங்கைகள் நிறைய. காய்க்குச் சின்னக் காம்பு இருந்து, காய் வழுவழுப்பாக இருந்தால் நாம் தேடும் கீழாநெல்லி. காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டிச் சொரசொரப்பாக, செம்மை ஓடியிருந்தால் அது வேறு இனம். கட்டுக்கட்டாகக் காய்ந்து வரும் சரக்கில் எல்லாம் கலந்துதான் கிடக்கும். 1988-ல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும், கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லியைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பின் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைப்பதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கட்டாயம். பித்தக்குழாயில் கல் அடைத்து வரும் காமாலைக்கு எந்த இலையை அரைத்தும் பயனில்லை.

கொரோனா காலத்தில் சீந்தில் கொடிக்கு வந்த மவுசு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக எழுதினார்கள். அது சீந்தில் இல்லை, அதே பேரினத்தின் இன்னொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னது. அந்த இன்னொரு கொடியின் தண்டு முழுக்கப் பரு பருவாகப் புடைத்திருக்கும். பூவில் இதழ் மூன்று, நம் சீந்திலுக்கு ஆறு. என் துறை என்பதற்காக நான் பாதியை மறைக்கக் கூடாது. அடுத்த ஆண்டே பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், அசல் சீந்திலே சிலருக்குக் கல்லீரல் அழற்சியைத் தூண்டியதாக வந்தது. சில வகைத் தைராய்டு கோளாறு போல, உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சீந்திலைத் தொட வேண்டாம் என்று அதிலிருந்து நான் கண்டிப்பாகச் சொல்லி வருகிறேன்.

இத்தனையும் படித்துவிட்டு மூலிகையே வேண்டாம் என்று நீங்கள் ஒதுங்கினால் எனக்கு வருத்தம்தான். வளர்க்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விதையிலிருந்து ஒரு செடியை வளர்த்து அது பூத்து, காய்த்து, காய்ந்து போகும்வரை பார்த்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் உங்களுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

ஒன்றே ஒன்றுதான் வளர்க்க முடியும் என்றால் நிலவேம்பு வளருங்கள். விதை மிகப் பொடி. மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண்ணைத் தூற்றி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும். நாற்று ஒரு விரல் உயரம் தாண்டியதும் பிரித்து நடலாம். பாதி நிழல் இருந்தால் நன்றாக வரும். இலையைப் பார்த்தால் மிளகாய்ச் செடிதான் என்று தோன்றும், தண்டைத் தடவினால் நான்கு பட்டை தெரியும். நட்டு மூன்று மாதம் போல ஆனதும் கிளை நுனிகளில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ வரும், உதட்டில் ஊதாக் கோடு போட்டிருக்கும். அந்தப் பூதான் அடையாளமும் அறுவடைக்கான மணியும். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆன்ட்ரோகிராபோலைடு பூக்கத் தொடங்கும் நேரத்தில்தான் இலையில் அதிகம். காய் முற்றவிட்டால் குறைந்துவிடும். அதனால் முதல் பூக்களைப் பார்த்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்து, நிழலில் காயப்போடுங்கள். விதைக்கு ஒரு செடியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆனால் இந்த இலையை மட்டும் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு நிலவேம்புக் குடிநீர் குடித்தேன் என்று சொல்லாதீர்கள். 2006-ல் சிக்குன்குனியா வந்தபோதும் 2012-ல் டெங்கு பரவியபோதும் தமிழ்நாட்டில் கொடுத்த குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேரும். கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு வேண்டாம். அதே போல இருமலுக்கு என்று அவர்களுக்கு ஆடாதோடையும் கொடுக்கக் கூடாது. அதில் உள்ள வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும்.

அடையாளத்தில் தவறே வராத ஒரு செடி உண்டென்றால் நித்தியகல்யாணி. வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும், ஐந்து இதழ், வெள்ளை அல்லது ரோஜா நிறம். சுடுகாட்டு மல்லி என்றாலும் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் பூவையோ இலையையோ மெல்லுகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வேன். 1950-களில் ஜமைக்காவில் இதே செடியைச் சர்க்கரைக்குக் கஷாயமாகக் குடித்தார்கள். அந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அந்தத் தடத்தில்தான் 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பிறகு வின்கிரிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கிற மருந்து அது. புற்றுநோய்ப் பிரிவில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து, ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே ஏற்றுகிற மருந்துக்குத் தாயான செடியை நாம் வாசலில் பறித்து வாயில் போட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து வேண்டாம். பூஜைக்குப் பறியுங்கள், அழகுக்கு வளருங்கள்.

வீட்டுச் செடியில் சந்தேகம் வந்தால் பூவோடு ஒரு சாண் கிளையை ஒடித்து, செய்தித்தாளுக்குள் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தாளை மாற்றினால் பத்து நாளில் காய்ந்து தட்டையாகிவிடும். எங்கே, எந்தத் தேதியில் பறித்தது, பூ என்ன நிறம் என்று எழுதி வையுங்கள், காய்ந்தால் நிறம் போய்விடும். அதைப் பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கோ அரசு சித்த மருத்துவமனைக்கோ கொண்டு போகலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் காயவைத்த செடிகளைச் சேகரித்து வைத்திருக்கும் ராபினட் உலர்தாவரகமும் இருக்கின்றன. செல்போனில் படம் எடுத்துச் செயலியில் பெயர் பார்ப்பதானால் பூவையும் சேர்த்துப் படமெடுங்கள், இலை மட்டும் காட்டினால் அதுவும் நம்மைப் போலவே குழம்பும்.

அந்த ஆசிரியை இப்போது இதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டார். போன மாசியில் வந்தபோது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தன் ஊர் வாய்க்கால் கரையில் பறித்த ஒடுங்கிய இலைக் கிளை ஒன்று, நுனியில் காய்ந்து பழுப்பான ஒரு பூ. பக்கத்தில் "பறித்தபோது மஞ்சள்" என்று எழுதியிருந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தேன். மடல் இல்லை. அது மஞ்சள் கரிசாலைதான்.