சேஞ்ச்-அப்: நடைமாற்றுப் பந்து

பேஸ்பாலுக்கு உறவான, பந்தைத் தாழ்கையாக வேகமாக எறியும் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர் ‘சேஞ்ச்-அப்’ என்ற சொல்லைக் கேட்டதும், பந்து மேலே எழும்பும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ‘அப்’ என்றால் மேலே அல்லவா? போதாக்குறைக்கு, மேலெழுவதுபோல் மட்டையைத் தாண்டிச் செல்லும் ‘ரைஸ் பால்’ என்ற பந்தும் இதே ஆட்டத்தில் இருக்கிறது. வேகப்பந்தைப் போலவே எறியப்பட்டு மெதுவாக வந்து சேரும் சேஞ்ச்-அப் ஏறுவதில்லை. தாழ்ந்துதான் வர வேண்டும். முழங்கால் உயரத்தில் வந்தால் நல்லது, இடுப்புயரத்தில் மிதந்து வந்தால் அடிவாங்கும். இங்கே உள்ள ‘அப்’புக்குத் திசையே கிடையாது. ‘வேக் அப்’ என்பதில் இருப்பதைப் போல வினையோடு ஒட்டிக்கொண்ட அசை, அவ்வளவுதான்.

‘பிட்ச்’ என்ற சொல்லும் நம்மை ஒருமுறை இடறிவிடும். கிரிக்கெட் வழியாக நமக்குப் பழகிய பிட்ச், இரண்டு விக்கெட்டுகளுக்கும் நடுவில் உள்ள தரை. பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் அது எறிதலைக் குறிக்கிறது, எறிபவர் பிட்ச்சர். இந்தக் கட்டுரையில் அவரை எறிவாளர் என்றும், மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்ச்சரைப் பிடிப்பாளர் என்றும் சொல்கிறேன்.

சொல்லின் வேர் பேஸ்பாலில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டக்காரர்கள் இந்த உத்தியை ‘சேஞ்ச் ஆஃப் பேஸ்’ (change of pace) என்றார்கள். 1880-களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக எறிந்த டிம் கீஃப் இதற்குப் பேர் பெற்றவர். 1888-இல் அவர் தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்றார். ‘சேஞ்ச்-அப்’ என்ற குறுகிய வடிவம் பிற்காலத்தில் வந்து நிலைத்தது. 1887-இல் சிகாகோவில், ஒரு படகு மன்றத்தின் கூடத்துக்குள் விளையாட்டாகத் தொடங்கிய ஆட்டம் பிறகு சாஃப்ட்பாலாக வளர்ந்தபோது, பேஸ்பாலின் சொற்களில் பெரும்பகுதி அப்படியே அதற்கும் வந்து சேர்ந்தது. கை மட்டும் மாறியது. பேஸ்பாலில் தோளுக்கு மேலிருந்து எறிகிறார்கள். இங்கே கை காற்றாலை இறக்கைபோல் முழு வட்டம் சுற்றி, இடுப்பருகே தாழ்கையாகப் பந்தை விடுகிறது.

இனி தமிழுக்கு வருவோம். கைக்கு முதலில் அகப்படும் சொல் ‘மெதுவான பந்து’. இதை நான் ஏற்கவில்லை. முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. ‘ஸ்லோபிட்ச்’ என்ற பெயரில் சாஃப்ட்பாலில் தனி வகையே உண்டு. அதில் எல்லாப் பந்தும் வளைந்து மெதுவாகத்தான் வரும். இரண்டாவது காரணம் ஆழமானது. மெதுவாக வருவது இந்தப் பந்தின் பாதிதான். மறுபாதி, மெதுவாக வரப்போகிறது என்பதை வீச்சில் எதுவும் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. கைச்சுற்றும் காலடி நீளமும் வேகப்பந்துக்கு உரியவை; கடைசி நொடியில் எறிவாளர் விடும் மூச்சொலிகூட மாறக் கூடாது. பந்து மட்டும் பிந்தி வரும். ‘ஏமாற்றுப் பந்து’ என்றால் இந்த மறுபாதி வந்துவிடுகிறது. ஆனால் வளைந்து செல்லும் பந்தும் ஏமாற்றத்தானே செய்கிறது? எதைக் கொண்டு ஏமாற்றுகிறது என்பதை அந்தச் சொல் விட்டுவிடுகிறது. ‘வேகமாற்றுப் பந்து’ என்பதில் பிழையில்லை. உடனே விளங்கும், செய்திக் குறிப்புக்குப் போதும்.

என் மனம் நிற்பது ‘நடைமாற்று’ என்ற சொல்லில். ‘சேஞ்ச் ஆஃப் பேஸ்’ என்பதில் உள்ள ‘பேஸ்’ காலடியைக் குறிக்கும் சொல். நம் ‘நடை’யும் அதுவே. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கர்நாடக இசையில் நடை மாறும்போது தாளம் போடும் கையைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வோர் அடிக்குள்ளும் நான்கு நான்காக ஓடிக்கொண்டிருந்த சதுசிர நடை, மூன்று மூன்றாகத் திசிரத்துக்கு இறங்கும். கையில் துளி மாற்றமும் இருக்காது. அதே தட்டு, அதே வீச்சு, அதே இடைவெளி. உள்ளே ஓடுவது மட்டும் சட்டென்று அகன்றுவிடும். நான்குக்குப் பழகிய காது ஒரு கணம் முன்னால் போய்விட்டுத் திரும்பி வரும். சேஞ்ச்-அப் பந்தின் முன் மட்டையாளருக்கு நேர்வதும் இதேதான். கை மாறாமல் உள்ளிருப்பது மாறுவதற்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கும்போது, வேறொன்றை ஏன் தேட வேண்டும்?

அந்தக் கணத்தின் அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். அமெரிக்க இளையோர் போட்டிகளில் 12 வயதுக்குட்பட்டோருக்கு எறிதூரம், அதாவது எறிவாளர் நிற்கும் எறிபலகையிலிருந்து மட்டையாளர் முன்னுள்ள ஹோம் பிளேட் வரை, 40 அடி. 10 வயதுக்குட்பட்டோருக்கு 35 அடி. வயதுவந்த மகளிருக்கு 43 அடி. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி முன்னே பாய்ந்து பந்தை விடுவதால் அது கடக்கும் தூரம் ஏறத்தாழ 34 அடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 மைல் வேகத்தில் அதைக் கடக்க 0.46 விநாடி ஆகும். 40 மைல் என்றால் 0.58. வேறுபாடு 0.12 விநாடி, கண் இமைக்கும் நேரம். அதற்குள் மட்டை முன்னால் போய்விடுகிறது, இடுப்பு திரும்பிவிடுகிறது, உடலின் எடை முழுவதும் முன்காலில் இறங்கிவிடுகிறது. பந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கையை மெதுவாக்காமல் பந்தை எப்படி மெதுவாக்குவது? விரல் நுனிகளில் இருந்து கடைசியாகக் கிடைக்கும் விசையைப் பறித்துவிடுவதுதான் வழி. சிலர் பந்தை உள்ளங்கைக்குள் ஆழப் புதைத்துப் பிடிக்கிறார்கள். சிலர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கி, பந்தை மற்ற மூன்று விரல்களிடம் விட்டுவிடுகிறார்கள். சாஃப்ட்பாலுக்கே உரிய ‘ஃபிளிப்’ முறையில், கை இடுப்பருகே வரும்போது மணிக்கட்டு திரும்பிக்கொள்ளும். புறங்கை பிடிப்பாளரைப் பார்த்தபடி முன்னே செல்லும், பந்து உள்ளங்கைப் பக்கத்திலிருந்து பின்தங்கி வெளியேறும். முழுவீச்சில் வரும் கை, பாதி வேலையை மட்டுமே பந்துக்குக் கொடுக்கிறது. சிறார் தடுக்கி விழும் இடமும் இதுதான். மெதுவாக எறிய வேண்டும் என்ற நினைப்பு வந்தவுடன் உடம்பே தளர்ந்துவிடுகிறது. சுற்று உச்சியில் தயங்குகிறது, காலடி குறுகுகிறது. அப்புறம் அது வெறும் மெதுவான பந்துதான். பெயரில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவது இதனால்தான்: ‘மெதுவாகப் போடு’ என்று கேட்ட பிள்ளை கையை மெதுவாக்கும், ‘நடையை மாற்று’ என்று கேட்ட பிள்ளை கையை விட்டுவிட்டு விரல்களைப் பற்றி யோசிக்கும்.

அடுத்து எந்தப் பந்தை எறிவது என்று தேர்ந்து சொல்வதை ஆங்கிலத்தில் ‘காலிங் பிட்சஸ்’ என்கிறார்கள். அதை அழைப்பு என்று பெயர்ப்பது தவறு. நடுவரின் ‘கால்’ தீர்ப்பு, இது தேர்வு. ‘பந்து சொல்லுதல்’ என்று எழுதலாம், ஏனெனில் உண்மையில் ஒருவர் சொல்கிறார், ஒருவர் எறிகிறார். பிடிப்பாளர் தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டிச் சொல்வார்; சேஞ்ச்-அப் பந்துக்கு விரல்கள் அனைத்தையும் ஆட்டிக் காட்டுவது பரவலான வழக்கம். சில அணிகளில் பயிற்சியாளர் எண்களைக் கூவுவார். மணிக்கட்டுப் பட்டையில் செருகியிருக்கும் அட்டையில் அந்த எண்ணுக்கான கட்டத்தைப் பார்த்துக்கொள்வார்கள். எறிபலகையில் நின்று சைகை வாங்க வேண்டும், அல்லது வாங்குவதுபோலாவது நிற்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது.

எப்போது சொல்வது என்பதற்கும் பெயரே வழிகாட்டுகிறது. மாற்ற வேண்டுமானால் முதலில் ஒரு நடை இருக்க வேண்டும். மூன்று சேஞ்ச்-அப் தொடர்ந்து வந்தால் மூன்றாவது மாற்றமே இல்லை, அதுதான் நடை. முதல் பந்தாகவும் சொல்லலாம். அடுத்து ஆட வருபவர் காத்திருக்கும் வட்டத்தில் நின்று வேகப்பந்தைப் பார்த்துப் பார்த்து மட்டையாளரின் மனத்தில் நடை பதிந்திருக்கும்.

பிடிப்பாளர் படிக்க வேண்டியது, மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போன ஃபவுல் பந்தை. வலக்கை மட்டையாளரின் ஃபவுல் மூன்றாம் பேஸ் (base, ஓடுபவர் தொட வேண்டிய தளம்) பக்கம், அதாவது பிடிப்பாளருக்கு இடப்பக்கம், சீறிப் போனால் அவர் பந்துக்கு முந்துகிறார். அடுத்ததாகச் சேஞ்ச்-அப் சொல்லலாம். முதல் பேஸ் பக்கம் நழுவினால் அவர் வேகப்பந்துக்கே பிந்துகிறார். இவருக்குச் சேஞ்ச்-அப் சொல்வது, எட்டாத பந்தை எட்டும் தூரத்தில் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். இளையோர் ஆட்டங்களில் மிக அதிகமாகச் செய்யப்படும் பிழை இதுதான் என்பது என் எண்ணம். தடுமாறும் மட்டையாளரை உத்தியால் முடித்துவிட வேண்டும் என்ற ஆசை, அவருக்கே கை கொடுத்துவிடுகிறது. ஓடியபடியே தட்டிவிடும் இடக்கை மட்டையாளருக்கு நேர்மாறு. அவருடைய கால்கள் கிளம்பிவிட்ட பிறகு பந்து பிந்தி வந்தால் மட்டையாளர் நிற்க வேண்டிய கட்டத்துக்கு வெளியே அவர் போய்விடுவார். பாதம் முழுவதும் வெளியே ஊன்றி அடித்தால் அவுட். முதல் பேஸில் வேகமாக ஓடக்கூடியவர் நின்றால் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். எறிவாளரின் கையைவிட்டுப் பந்து நீங்கிய பிறகே அவர் இரண்டாம் பேஸை நோக்கிக் கிளம்பலாம் என்றாலும், அந்த 0.12 விநாடி அவருக்கும் சேர்த்துக் கிடைக்கும் கொடை.

பயிற்சியாளர் எல்லாவற்றையும் எண்ணாகவே சொல்லிவிட்டால் பிடிப்பாளர் அந்த ஃபவுலைப் படிக்கவே கற்றுக்கொள்ள மாட்டார். சில இன்னிங்ஸ்களையாவது பிள்ளைகளிடம் விட வேண்டும். அவர்கள் தவறாகச் சொல்லி ஒரு பந்து வேலியைத் தாண்டினாலும் சரி.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. ‘நடைமாற்றுப் பந்து’ எழுத்துக்கு அழகு, களத்துக்கு நீளம். ஆங்கிலத்திலும் அவர்கள் ‘சேஞ்ச்’ என்றே சுருக்கிக்கொள்கிறார்கள். நாம் ‘மாற்று’ என்று சுருக்கலாம். தமிழில் அது பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், ஏவலாகவும் ஒலிக்கும். பந்தின் பெயரைச் சொன்னாலே செய்ய வேண்டியதைச் சொன்னதாகிவிடும். மணிக்கட்டுப் பட்டையின் சிறு கட்டத்தில் எழுத ‘மா’ என்ற ஓரெழுத்து போதும்.